ஏற்காட்டு ஜீப்பும் டிக் டிக் சத்தமும்

ஏற்காட்டில் குளிர்காலத்து விடியற்காலை. எஸ்டேட் ஜீப் ஒன்றை ஸ்டார்ட் செய்கிறார்கள். தையல் மெஷின் மாதிரி 'டிக் டிக் டிக்' என்று அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்குகிறது. "பாத்தீங்களா, சூடானா சரியாப் போயிடும்" என்கிறார் டிரைவர். முதலாளிக்கும் திருப்தி. பின்னால் பத்துப் பேர் ஏறி உட்கார, வண்டி கிளம்புகிறது.

சரியாகவில்லை, மக்களே!

டேப்பட் சத்தமும் இப்படித்தான் கேட்கும் என்பது உண்மை. ஆனால் சூடானதும் சத்தம் குறைகிறது, மேனிஃபோல்டு ஓரத்தில் கரி படிந்திருக்கிறது என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் போய்விட்டது என்றே அர்த்தம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை ஓரளவு அடைக்கிறது. இருமல் நின்றிருக்கிறது, நோய் அங்கேயேதான் இருக்கிறது.

மலை வண்டிகளுக்கு இது ஏன் அதிகம்? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்.  ஏறும்போது முழுச் சுமையோடு இரண்டாம் கியரில் முக்க வேண்டும், மேனிஃபோல்டு கொதிக்கும். இறங்கும்போது என்ஜின் பிரேக்கிங், கூடவே பனிக்காற்று, மேனிஃபோல்டு சடாரென்று ஆறும். அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதைப் பிடித்திருக்கும் ஹெட்டோ தண்ணீரால் குளிர்கிறது, அவ்வளவு நீளாது. இந்த இழுபறியில் தினமும் நசுங்குவது நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கட்தான்.

இதற்கு நம்மூர் வைத்தியங்கள் மூன்று. மூன்றுமே தப்பு.

ஒன்று, 'இன்னும் ஒரு சுத்து இறுக்கு'. மேனிஃபோல்டு நீளவும் சுருங்கவும் இடம் வேண்டும். மூச்சு முட்ட இறுக்கினால் ஸ்டட் முறியும், இல்லை மேனிஃபோல்டே வெடிக்கும். சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரம் ஆகும்.

இரண்டு, சிலிக்கான் பேஸ்ட், எம்-சீல் வகையறா. ஏற்றத்தில் பெட்ரோல் என்ஜின் புகை 600 டிகிரியைத் தாண்டும். சிலிக்கான் பேஸ்ட் 300ஐ ஒட்டியே கருக ஆரம்பித்துவிடும். அப்புறம் யாருக்காக அந்தப் பூச்சு? திருஷ்டிக்கா?

மூன்று, 'வெறும் சத்தம்தானே, விடுங்க'. இதுதான் மகா ஆபத்து. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். டீசலில் இது குறைவு, பெட்ரோலில் அதிகம். பழைய ஜீப்பில் பெடல் ஓட்டை, கியர் லிவர் ஓட்டை என்று என்ஜின் பக்கமிருந்து உள்ளே வர வழிகளுக்குப் பஞ்சமில்லை. பனி இறங்கியதும் பக்கத்துத் தார்ப்பாயை வேறு இழுத்துவிடுகிறார்கள். தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் 'மலைப்பாதை ஒத்துக்கலை' என்று எலுமிச்சம்பழத்தை நீட்டுவார்கள். ஓட்டுபவருக்கே தலை சுற்றினால் அடுத்த வளைவில் என்ன ஆகும்?

'புகைச் சான்றிதழ் வாங்கியாச்சே' என்பவர்களுக்கு: அந்தச் சோதனை வாலில்தான் அளக்கிறது. தலையில் கசிவதை அது கண்டுபிடித்துச் சொல்லாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? வண்டி நன்றாக ஆறிய பிறகு, துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட வேண்டும். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதனால் நனைத்துச் சுரண்ட வேண்டும், காற்றடித்து ஊதக் கூடாது. பிறகு மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்து, ஃபீலர் கேஜால் இடுக்கைப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் சேலத்து லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் காசுதான் கரையும்!

புது கேஸ்கட், முடிந்தால் துருவேறாத பித்தளை நட். நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்துப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். ஒரு முறை ஓட்டி ஆறவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் மறப்பது: சைலன்சர் குழாயைத் தாங்கும் பிராக்கெட்டும் என்ஜின் மவுண்டிங் ரப்பரும். அவை போயிருந்தால் குழாயின் கனமும் ஆட்டமும் மேனிஃபோல்டில் வந்து விழும். ஆறே மாதத்தில் அதே டிக் டிக்.

'பழைய வண்டியா? காயலான் கடைக்குப் போடு' என்று இன்னொரு கோஷ்டி கிளம்பும். பாதி காட்டு எஸ்டேட் பாதைக்கும், மழையில் கரைந்த மண் ரோட்டுக்கும் அந்த ஜீப்தான் இன்றும் போகிறது. அந்த வண்டியின் வயசு பிரச்சினையே இல்லை. ஒரு நாள் கூலி போய்விடும் என்று பட்டறைக்கு அனுப்பாமல் வைத்திருப்பதுதான் பிரச்சினை.

அந்த ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிப்பது முதலாளி. புகையைச் சுவாசிப்பது பின்னால் உட்கார்ந்து போகும் காப்பி பறிக்கும் பெண்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும். கணக்கு நேராக இருக்கிறதா என்று அவரவரே போட்டுப் பார்க்கலாம்.