நாடி பார்க்கலாம், இன்ஹேலரை நிறுத்தலாகாது

இளைப்புள்ள குழந்தைக்குச் சித்த மருத்துவரிடம் நாடி பார்த்ததை, மேற்கு மாம்பலத்துப் பெற்றோர் பலர் தயங்கியே எங்களிடம் கூறுகின்றனர். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய நிறுவனமே இயங்கிவரும் ஒரு மருத்துவ முறையை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எட்டையும் ஆராய்வது சித்தரின் எண்வகைத் தேர்வு. காலைச் சிறுநீரில் விட்ட எண்ணெய்த்துளி முத்தாக நின்றால் கபம் என்பர். சீன மருத்துவரும் நாடியையும் நாவையும் பார்ப்பர். இவற்றுள் ‘மொழி’ எங்களுக்கு நெருக்கமானது: மூச்சிரைப்பால் ஒரு வாக்கியத்தை முடிக்கவியலாத குழந்தை ஆபத்தில் உள்ளது என்றே நாங்களும் கொள்கிறோம். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு ஸ்பைரோமெட்ரி பெரும்பாலும் இயலாது. கேட்டும் பார்த்துமே நாங்களும் முடிவு செய்கிறோம்.

ஆயினும், மூச்சுக்குழல் எவ்வளவு சுருங்கியுள்ளது என்பதை நாடி அளந்து சொல்லாது. குழந்தை ஓடியாடும் நாளிலும் குழலின் உட்புற அழற்சி நீடிக்கக்கூடும். ஆகவே, நாடி சீராகிவிட்டதென்று தடுப்பு இன்ஹேலரை நிறுத்துவதை நாங்கள் ஏற்பதில்லை. சூரணமோ லேகியமோ, கொடுப்பது எதுவாயினும் எங்களிடம் சொல்லுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம். விலா இடுக்குகள் உள்வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ, எந்த மருத்துவம் என்று யோசியாமல், நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியே கொடுத்தவாறே 108-ஐ அழையுங்கள்.