‘குழந்தைகளுக்கானது’னு போட்டிருந்தா நம்பிடலாமா?

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறீங்க. ஹாலில் குழந்தை போனும் கையுமாக அமைதியா உட்கார்ந்திருக்கு. ஸ்கிரீன்ல கலர் கலரா பலூன், பின்னணியில் ரைம்ஸ். ‘குழந்தைங்க வீடியோதானே’ன்னு திரும்பிடுறீங்க. எங்க வீட்டிலும் இதே கதைதான்.

ஆனால், அந்த ஒரு நொடிப் பார்வை எவ்வளவு ஏமாற்றும் என்பது 2017-லேயே தெரிந்துவிட்டது. பெப்பா பிக், எல்சா, ஸ்பைடர்மேன் எனக் குழந்தைகளுக்குப் பிடித்த கேரக்டர்களைப் போலியாக வரைந்து, உள்ளே ரத்தமும் ஊசியும் வன்முறையுமாகச் செருகிய வீடியோக்கள் யூடியூபில் குவிந்து கிடந்தது அம்பலமானது. பெப்பா பல் டாக்டரிடம் போகும் ஒரு போலி வீடியோ, குழந்தைகளை அலற வைக்கும் ரகம். இந்த விவகாரத்துக்கு ‘எல்சாகேட்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். தம்ப்நெயிலை மட்டும் பார்த்தால் எது அசல், எது போலி என்று பெரியவங்களுக்கே தெரியாது.

‘அதான் இப்போ யூடியூப்லயே குழந்தைகளுக்கானதுனு போடுறாங்களே?’ என்று கேட்கலாம். அந்த லேபிள் எப்படி வந்தது தெரியுமா? பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் தகவல்களைச் சேகரித்ததாக 2019-ல் அமெரிக்க அரசு அமைப்பு வழக்கு போட, கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. அதன் தொடர்ச்சியாக 2020 ஜனவரியில் வந்ததுதான் இது. அந்த லேபிள் இருந்தால், பார்ப்பவரைப் பின்தொடரும் விளம்பரம் வராது, கமென்ட் பகுதி மூடியிருக்கும். முக்கியமாக, அதை டிக் செய்வது வீடியோவை அப்லோடு செய்கிறவர்தான். யூடியூபின் சாஃப்ட்வேர் சில சமயம் மாற்றி வைக்கும், அவ்வளவுதான். ‘இது யாருக்காக எடுக்கப்பட்டது’ என்பதற்கான பதில் அது. ‘நல்லதா’ என்பதற்கு இல்லை. மிட்டாய் பாக்கெட்டில் பொம்மை படம் போட்டிருப்பதால் உள்ளே இருப்பது நல்ல மிட்டாய் ஆகிவிடுமா என்ன?

தியேட்டருக்கு வரும் படத்தை சென்சார் போர்டு பார்க்கிறது. ஓ.டி.டி-க்கு 2021 விதிகளின்படி 7+, 13+, 16+ என வயது போட்டாக வேண்டும். யூடியூபில் தனி நபர்கள் ஏற்றும் வீடியோவை வெளியாகும் முன் அப்படி எந்த போர்டும் பார்ப்பதில்லை. இப்போது ஏ.ஐ. வேறு. நிஜம் போலத் தெரியும் ஏ.ஐ. வீடியோ என்றால் அதைச் சொல்ல வேண்டும் என்று 2024-ல் யூடியூப் விதி கொண்டுவந்தது. ஆனால் பார்த்தாலே கற்பனை என்று தெரியும் கார்ட்டூனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதாவது, குழந்தைகள் அதிகம் பார்க்கும் ரகத்துக்கே விலக்கு!

அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? முழுசா உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை, ஒத்துக்கிறேன். ஆரம்பத்தை விட்டுடுங்க, அது எப்பவும் அழகாத்தான் இருக்கும். நடுவில் இரண்டு இடம், கடைசி ஒரு நிமிடம் பாருங்க. ஒரு கேரக்டர் விழுந்து அழும்போது மற்றவங்க என்ன செய்யறாங்க? சிரிச்சுட்டுப் போனா, உங்க குழந்தை கத்துக்கப்போறது அதைத்தான். அப்புறம் கண்ணை மூடி அரை நிமிடம் கேளுங்க. கதைன்னு ஏதாவது காதில் விழுதா, இல்லை வெறும் கத்தலும் ‘டொய்ங்’ சத்தமுமா? பொம்மை பாக்கெட்டைப் பிரித்துக் காட்டுற வீடியோவா இருந்தா, அது பெரும்பாலும் விளம்பரம்தான். நாலு வயசுக்கு அது விளம்பரம்னு புரியாது. சேனல் பக்கத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்க. ஒரே கதை, தலைப்பு மட்டும் மாறி வரிசையா ஏறியிருந்தா யோசிக்காம ‘இந்த சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பதைத் தட்டிடுங்க.

ஒரு வீடியோவை நீங்க பார்த்து ஓகே செய்தாலும், ஆட்டோபிளே அடுத்து எதைக் கொண்டுவரும்னு உங்களுக்குத் தெரியாது. முதல்ல அதை ஆஃப் பண்ணுங்க. முடிஞ்சா யூடியூப் கிட்ஸ் ஆப்பில், பெற்றோர் தேர்ந்தெடுத்தது மட்டும் வரும் செட்டிங்கை வைங்க. அதில் குழந்தையால் தேடவும் முடியாது. பாட்டி போன், மாமா போன் எல்லாத்திலும் இதைச் செய்யணும், ஏன்னா குழந்தைக்குப் போன் கிடைக்கிறது பெரும்பாலும் அங்கேதான். (இதைப் படிக்கிற மாமா, சித்தி நீங்களா இருந்தா, உங்க போனையும் எடுங்க.)

நேரக் கணக்கு: இரண்டு வயது முதல் நான்கு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏதாவது தப்பான வீடியோ கண்ணில் பட்டுடுச்சுன்னா போனைப் பிடுங்கித் திட்டாதீங்க. திட்டு வாங்கின குழந்தை அடுத்த முறை போர்வைக்குள்ள வெச்சுப் பார்க்கும். ‘இதுல என்னடா நடக்குது, அம்மாவுக்குச் சொல்லு’ன்னு பக்கத்துல உட்காருங்க. அது கதை சொல்லத் திணறினா, அடுத்த வீடியோவை ரெண்டு பேருமா சேர்ந்து தேடலாம்.