அங்குலம் பார்த்து டேப் வாங்கலாமா?



நம் தொழிலில் தராசு இரண்டு. ஒன்று, எடை போடும் தராசு. மற்றொன்று, நம் கண். பருப்பின் நிறம், மஞ்சளின் நிறம், மிளகாயின் நிறம், அரிசியின் நிறம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். எடைத் தராசுக்கு அரசு முத்திரை உண்டு. ஆனால் கண்ணுக்கும் சரக்குக்கும் நடுவே இப்போது ஒரு கண்ணாடித் திரை வந்து நிற்கிறது. அதற்கு எந்த முத்திரையும் கிடையாது.

செங்கற்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், மாமல்லபுரம் என்று நம் பகுதி முழுவதும் கல்லாவுக்குப் பக்கத்தில் டேப் வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில் போடவும் கணக்கு வைக்கவும் பலர் வாங்கினார்கள். இன்று அதே டேபில்தான் ஈரோட்டிலிருந்து மஞ்சள் படம் வருகிறது. விருதுநகரிலிருந்து பருப்புப் படம் வருகிறது. குண்டூரிலிருந்து மிளகாய்ப் படம் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்குச் சரக்குப் போடும் நம் சில்லறை வணிகர்களும், "இந்த அரிசி இருக்கிறது, அனுப்பலாமா?" என்று படம் அனுப்பித்தான் ஆர்டர் வாங்குகிறார்கள்.

இந்த நிலையில் டேப் வாங்கப் போகும் உறுப்பினர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எட்டு அங்குலம் வாங்கலாமா, பதினொரு அங்குலம் வாங்கலாமா?" அது இரண்டாவது கேள்வி என்பது என் கருத்து. "இந்தத் திரை நம் சரக்கின் நிறத்தை உள்ளபடி காட்டுமா?" என்பதே முதல் கேள்வி.

நிறம் சற்று மாறினால் என்ன நட்டம் என்று சிலர் நினைக்கலாம். நமக்குத் தெரிந்த சரக்கை வைத்தே பார்ப்போம். பச்சரிசியில் பழைய அரிசிக்கு இலேசான மஞ்சள் சாயல் இருக்கும். அதற்கு விலையும் கூடுதல். மஞ்சள் தட்டிய திரையில் புது அரிசியும் பழைய அரிசி போலத் தெரியும். நீலம் தட்டிய திரையில் பழுப்பேறிய அரிசியும் வெள்ளை வெளேர் என்று தெரியும். வெல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோஸ் போட்டு வெளுத்த வெல்லம் எது, இயல்பான பழுப்பு வெல்லம் எது என்பதை முதலில் நிறம்தான் சொல்கிறது. திரையின் வெளிச்சத்தை ஏற்றி வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். நிறத்தை மிகைப்படுத்தும் திரையில் வெளிறிப்போன மிளகாயும் நேற்றுக் காயவைத்தது போல இருக்கும். நிறம் குறைந்த திரையிலோ நல்ல மிளகாயும் சோடை கலந்தது போலத் தெரியும். முதலாவதில் மட்டச் சரக்கை வாங்கி நட்டப்படுகிறோம். இரண்டாவதில் நல்ல சரக்கை வேண்டாம் என்று தள்ளி நட்டப்படுகிறோம்.

"பெரிய கம்பெனி டேப் என்றால் சின்னதோ பெரியதோ எல்லாம் ஒரே தரம்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் இரண்டு டேப்களை வெளியிட்டது. ஒன்று 9.7 அங்குல ஐபேட் ஏர்; மற்றொன்று 7.9 அங்குல ஐபேட் மினி. இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே: 2048க்கு 1536. காகிதத்தில் பார்த்தால் பெரியதும் சிறியதும் உடன்பிறப்புகள். ஆனால் திரைகளைக் கருவி வைத்துச் சோதிப்பவர்கள் அளந்து பார்த்தபோது, பெரியது வழக்கமான நிற எல்லையை முழுமையாகக் காட்டியது. சிறியது அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டியது. அழுத்தமான நிறங்கள் அதில் மங்கின. 2015இல் வந்த மினி 4இல்தான் அந்தக் குறை தீர்ந்தது. விலை கொடுத்து வாங்கும் உயர்ந்த சரக்கிலேயே இப்படி என்றால், மலிவு டேப்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதை வைத்துப் பெரியதுதான் எப்போதும் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறியதில் மட்டும்தான் குறை என்றும் எண்ணக் கூடாது. 2023இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த சாம்சங் டேப் ஏ9, 8.7 அங்குலம், அதன் அண்ணன் ஏ9 பிளஸ், 11 அங்குலம். சிறியதில் 1340க்கு 800 புள்ளிகள், பெரியதில் 1920க்கு 1200 புள்ளிகள். அதாவது பரப்பில் பெரியது ஒன்றரை மடங்கு சொச்சம் என்றால், புள்ளிகளில் இரண்டு மடங்குக்கும் மேல். எழுத்துக் கூர்மையில் பெரியது முந்துகிறது. ஆனால் புள்ளிக் கணக்கு கூர்மையைச் சொல்லுமே தவிர நிறத்தைச் சொல்லாது. அங்குலமும் நிறத்தைச் சொல்லாது. ஒவ்வொரு மாடலையும் தனித்தனியாகப் பார்த்தே தீர வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாசகங்களையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். "ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள்" என்று போட்டிருப்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 படிகள் வைத்து, 256ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் எண் அது. இது ஏணியில் எத்தனை படி என்று சொல்கிறது. ஏணி எவ்வளவு உயரம் என்று சொல்லவில்லை. மிளகாய்ச் சிவப்பு வரை அந்த ஏணி எட்டுமா என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அதற்குப் பெயர் நிற எல்லை. அதை எஸ்.ஆர்.ஜி.பி. என்ற அளவில் சொல்வார்கள். இது 1996இல் முன்வைக்கப்பட்டு 1999இல் உலகத் தர அளவாக ஏற்கப்பட்டது. 100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி. என்று இருந்தால் நம் வேலைக்குத் தாராளம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிலர் என்.டி.எஸ்.சி. என்ற வேறோர் அளவில் கணக்குச் சொல்வார்கள். அது 1953ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வகுத்த அளவு. 72 விழுக்காடு என்.டி.எஸ்.சி. என்றால் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி.க்குச் சமம். 45 விழுக்காடு என்.டி.எஸ்.சி. என்றால் எஸ்.ஆர்.ஜி.பி.யில் அறுபது சொச்சம்தான். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது நினைவிருக்கும். எந்தப் படியால் அளக்கிறார்கள் என்று கேட்காமல் எத்தனை படி என்று மட்டும் கேட்பது வியாபாரிக்கு அழகல்ல.

மலிவு டேப்களில் பெரும்பாலும் இந்த விவரமே இருக்காது. அப்போது நாமே சோதிக்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நம் கடைச் சரக்கே போதும். மூன்று சிறு பாக்கெட்டுகளில் கொஞ்சம் பச்சரிசி, கொஞ்சம் விரலி மஞ்சள், கொஞ்சம் மிளகாய் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் மூன்றையும் பரப்பி, காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டுகளோடு டேப் விற்கும் கடைக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் கடைக்கு வருகிறவர்கள் பருப்பை உள்ளங்கையில் போட்டுப் பார்ப்பதில்லையா?

கடையில் செய்ய வேண்டியவை இவை:

1. மயிலும் மலரும் ஓடும் விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அது எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்.

2. நைட் லைட், கண் பாதுகாப்பு என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது திரை முழுவதையும் மஞ்சளாக்கும். விவிட், நேச்சுரல் என்று இரண்டு வகை இருந்தால் நேச்சுரலில் வையுங்கள்.

3. ஒப்பிடும் டேப்கள் எல்லாவற்றிலும் வெளிச்சத்தைக் கண்ணுக்கு ஒரே அளவாக வையுங்கள். வெளிச்சம் கூடிய திரைதான் நல்ல திரை என்று கண் ஏமாந்துவிடும்.

4. எல்லாவற்றிலும் நீங்கள் கொண்டுபோன அதே படத்தைத் திறங்கள். முதலில் காகிதத்தைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா, நீலமோ மஞ்சளோ தட்டுகிறதா? பிறகு மிளகாய். சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் போகிறதா? பிறகு மஞ்சள். விரலியின் ஆழ்ந்த நிறம் வருகிறதா, எலுமிச்சை நிறமாக வெளுக்கிறதா? பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முடிந்தால் வாசல் பக்கம் வந்து பாருங்கள். கடை விளக்கின் நிறம் சரக்கின் நிறத்தையே மாற்றிக் காட்டும்.

5. டேபை இடம், வலம், மேல், கீழ் சாய்த்துப் பாருங்கள். கல்லாவில் இருவர் சேர்ந்து பார்க்கும்போது இருவருக்கும் ஒரே நிறம் தெரிய வேண்டும். ஐ.பி.எஸ். வகைத் திரைகள் இதில் பொதுவாக நன்றாக இருக்கும்.

இதற்கு மொத்தம் கால் மணி நேரம் ஆகும். பத்தாயிரம், இருபதாயிரம் போட்டு வாங்கும் பொருளுக்கு இது அதிகமல்ல.

கடற்கரையோர வணிகர்களுக்கு மேலும் ஒரு வார்த்தை. மாமல்லபுரம், கோவளம் பக்கம் வெயிலின் கூச்சம் அதிகம். வாசலுக்கு முதுகு காட்டி நின்று திரையைப் பார்த்தால், வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து எவ்வளவு நல்ல திரையும் வெளிறித் தெரியும். கல்லாவை மாற்ற முடியாவிட்டாலும் டேப் வைக்கும் கோணத்தை மாற்றலாம். தூசிக்கும் உப்புக் காற்றுக்கும் பயந்து மலிவான உறை ஒட்டினால், நாளடைவில் அது பழுத்து நிறத்தைக் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே மூன்று பாக்கெட் சோதனையைச் செய்து பாருங்கள்.

இனி அளவுக்கு வருவோம். பில் போடவும் கியூ.ஆர். கோடு காட்டவும் மட்டும் என்றால் எட்டு அங்குலம் போதும். நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவும் வேண்டாம். கிடங்கில் கையில் வைத்துக்கொண்டு மூட்டை எண்ணவும் அதுவே வசதி. சரக்குப் பட்டியலை நாள் முழுவதும் பார்ப்பவர்களுக்கும், என்னைப் போல் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பத்து, பதினொன்று கண்ணுக்கு இதம். ஆனால் படம் பார்த்துக் கொள்முதல் செய்பவர், முதலில் நிறத்தில் தேறியவற்றை மட்டும் ஒதுக்கி வைத்து, அதற்குப் பிறகே அவற்றில் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறம் சரியான எட்டு அங்குலம், நிறம் தவறிய பதினொன்றைவிட மேல்.

"இவ்வளவு பார்ப்பானேன்? நம் தரகர் நம்பிக்கையானவர்" என்று சொல்வோர் உண்டு. தரகர் நாணயமானவராகவே இருக்கட்டும். அவருடைய போன் கேமராவும் அவர் கிடங்கு விளக்கும் பொய் சொல்கின்றன என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். சோடியம் விளக்கின் கீழ் எடுத்த பருப்புப் படம் எந்த நல்ல திரையிலும் சரியாக வராது. எனவே நல்ல டேப் என்பது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு, படம் அனுப்புகிறவர் சரக்கோடு ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். காகிதம் வெள்ளையாகத் தெரிந்தால் சரக்கின் நிறத்தை ஓரளவு நம்பலாம். காகிதமே பழுப்பாகத் தெரிந்தால் வேறு படம் கேளுங்கள்.

அப்படி வந்த படமும் மாதிரி ஆகாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 17ஆம் பிரிவில் மாதிரி காட்டி விற்பதைப் பற்றிச் சொல்கிறது. மொத்தச் சரக்கு தரத்தில் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். காகிதப் பொட்டலத்தில் வந்த ஒரு கைப்பிடிப் பருப்பு இருந்தால் இரு தரப்பும் அதை நடுவில் வைத்துப் பேசலாம். போட்டோவை நடுவில் வைத்து எப்படிப் பேசுவது? அவர் போனில் தெரிந்த நிறமா மாதிரி, உங்கள் டேபில் தெரிந்த நிறமா மாதிரி? மூட்டை இறங்கிய பிறகு "படத்தில் இப்படி இல்லையே" என்று எழும் வழக்குகளில் இரு பக்கமும் உண்மையே பேசக்கூடும். இருந்தும் ஒருவருக்கு நட்டம் வந்தே தீரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள். அந்த ஒரு சோறு கைக்கு வர வேண்டும்.

கலப்படத்தில் இது இன்னும் முக்கியம். பருப்புக்கு மெட்டானில் மஞ்சள் போன்ற சாயம் ஏற்றியிருந்தால் படத்தில் அது நல்ல சரக்கைவிட அழகாகத் தெரியும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2011 முதல் நடைமுறையில் உள்ளது. அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்போது, "போட்டோவில் நன்றாக இருந்தது" என்ற பதில் எடுபடாது. கையில் வந்த பருப்பைத் தண்ணீரில் போட்டு அலசிப் பார்க்கலாம். திரையில் வந்த பருப்பை அலச முடியாது.

ஆகவே நம் சங்கத்துக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, படம் பார்த்துப் பேசும் பேரம் எல்லாவற்றிலும் "நேர் மாதிரிக்கு உட்பட்டது" என்ற ஒரு வரியை வாட்ஸ்அப்பிலேயே எழுதும் பழக்கத்தை உறுப்பினர்கள் அனைவரும் கைக்கொள்ள வேண்டும். வாங்குகிறவரும் எழுத வேண்டும், விற்கிறவரும் எழுத வேண்டும். இரண்டாவது, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் டேபையும் போனையும் எடுத்து வாருங்கள். ஒரே படத்தை எல்லாவற்றிலும் திறந்து மேசையில் வரிசையாக வைப்போம். பக்கத்தில் அரிசி, மஞ்சள், மிளகாய் மூன்றையும் தட்டில் வைப்போம். எந்தத் திரை எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று ஒவ்வொருவரும் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கும் எந்த மாடல் தேறும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூன்று தட்டுச் சரக்கு என் பொறுப்பு.