ஓட்டு போட்டால் போர் வராதா?

திருப்புலிவனம், உத்திரமேரூர் பக்கம் மேடையேறுகிறவர்கள் குடத்தில் ஓலையிட்டு ஆளெடுத்த குடவோலை முறையைத் தொடாமல் இறங்குவதில்லை. கிரேக்கத்து ஏதென்ஸுக்கு நிகராக இங்கும் மக்களாட்சி இருந்தது என்பார்கள். போர் என்பது மன்னர்களின் பித்து, முடிவு மக்கள் கையில் இருந்தால் அது வராது என்றும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் பேச்சில் பாதி உண்மை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பகுதிகளிலிருந்து ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஓலை எடுத்த முறையைச் சொல்கின்றன. ஆனால் வரி கட்டும் இறைநிலமும் வேதக் கல்வியும் உள்ள அந்தணர் பெயர்தான் குடத்துக்குள் போனது. ஏரியும் தோட்டமும் அந்தச் சபையின் பொறுப்பு. போர் அதன் பொறுப்பல்ல. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டு தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் கைக்குப் போனது, ஊர்ச் சபைகளைக் கேட்டு நடந்த போரிலல்ல.

இரண்டாவது பேச்சு முழுப்பிழை. ஏதென்ஸில் போரையும் மக்களே முடிவு செய்தார்கள். கி.மு. 415இல் சிசிலிமீது படையெடுப்பதா என்ற கேள்வி குடிமக்கள் அவைக்கு வந்தது. வேண்டாம் என்று தளபதி நிக்கியாஸ் எச்சரித்தார். செலவையும் படையின் அளவையும் பெரிதாக்கிக் காட்டி அச்சமூட்டப் பார்த்தார். கூட்டத்துக்கு ஆசைதான் பெருகியது. உடன்படாதவர்களும், நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற பழிக்கு அஞ்சி வாய்திறக்கவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கிறவர்களுக்கு இதில் புதுமை இராது. கி.மு. 413இல் அந்தப் படை அழிந்தது. ஊருக்குச் செய்தி வந்ததும், தாங்கள் வாக்களிக்கவே இல்லை என்பதுபோல, போரை ஆதரித்த பேச்சாளர்கள்மீது மக்கள் பாய்ந்தார்கள்.

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கில்லாத ஏதென்ஸ் அரைகுறை மக்களாட்சிதானே என்பார்கள். சரி, 1931லேயே ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற இலங்கையைப் பார்ப்போம். 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது, மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம். 1983 முதல் 2009 வரை நீடித்த போருக்கு வித்திட்டவற்றில் அதுவும் ஒன்று. மக்களாட்சிகள் தமக்குள் போரிடுவதில்லை என்றொரு வாதமும் உண்டு. சிசிலியில் ஏதென்ஸ் முற்றுகையிட்ட சிராகியூஸும் மக்களாட்சிதான்.

அதற்காக மன்னராட்சி மேல் என்று சொல்ல வரவில்லை. தக்கோலமே அதற்குப் பதில். உத்திரமேரூரில் கணக்குக் காட்டாத வாரியத்தாருக்கும் அவர்கள் உறவினருக்கும் மறுபடி குடத்தில் இடமில்லை. ஏதென்ஸிலும் அதிகாரிகள் பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைத்தார்கள். போருக்குக் கையுயர்த்திய அவை எவருக்கும் கணக்குச் சொல்லவில்லை. இன்றும் நிலை அதுதான். குடவோலையைப் புகழும் தலைவர்கள், போருக்கு வாக்களித்தவர்கள் அதன் உயிர்ச்சேதத்தையும் செலவையும் மக்கள்முன் வைக்கும்வரை மறுபடி தேர்தலில் நிற்க முடியாது என்றொரு சட்டம் கொண்டுவரட்டும்.