இயந்திரம் இருக்கிறது; மனிதர் ஏன் இறங்குகிறார்?

டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மனிதர்களை இறக்கிப் பாதாளச் சாக்கடைகளைத் தூய்மைப்படுத்துவது முற்றாக நிறுத்தப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று உத்தரவிட்டது. நான்கே நாட்கள் கடந்தன. பிப்ரவரி 2 அன்று, கொல்கத்தாவின் பான்தலா தோல் தொழில் வளாகத்தில் பாதாளச் சாக்கடையில் மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். கழிவை அள்ளும் இயந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால் அவர்கள் சாகவில்லை. அது எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

மனித உடலின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதையும், மனித உடல் தாங்கக் கூடாததையும் செய்வதற்காக மனிதர் படைத்துக்கொண்டதே இயந்திரம். உறிஞ்சு லாரியின் தொட்டியிலிருந்து காற்று வெளியேற்றப்படுகிறது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் கழிவைக் குழாய் வழியே தொட்டிக்குள் தள்ளுகிறது. உயர் அழுத்தத்தில் பீறிடும் நீர், குழாயின் அடைப்பை உடைக்கிறது. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ எந்திரன் 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. அதன் கரம் குழிக்குள் இறங்குகிறது. தொழிலாளி தரையில் நின்று திரையைப் பார்த்து அதை இயக்குகிறார்.

மலக்குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு மிகும்போது முதலில் நுகரும் திறனையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று தொழிலாளி எண்ணும் கணத்தில் மரணம் அருகில் நிற்கிறது. இயந்திரத்துக்கு மூச்சில்லை, ஆகவே மூச்சுத் திணறலும் இல்லை. இந்த ஒரு காரணமே போதும். ஆனால் நம் ஆட்சியாளர்களுக்குப் போதவில்லை.

சந்துகள் குறுகலானவை, பெரிய லாரி நுழையாது என்பது மாநகராட்சிகள் சொல்லிவந்த சாக்கு. 2019இல் டெல்லியில் குறுகிய தெருக்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட 200 வாகனங்கள் இயக்கப்பட்டபோது அந்தச் சாக்கும் உதிர்ந்தது. அப்படியானால் தடை எங்கே இருக்கிறது?

மலிவான உயிர்

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் இதற்கு விடை தந்திருக்கிறார். உழைப்பைக் குறைப்பதற்காக முதலாளி இயந்திரத்தை வாங்குவதில்லை. இயந்திரத்தின் விலை, அது அகற்றும் உழைப்புச் சக்தியின் விலையைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே வாங்குகிறார். இங்கிலாந்தின் கால்வாய்களில் படகிழுக்கக் குதிரைக்குப் பதிலாகப் பெண்கள் பயன்படுத்தப்பட்டதை அவர் சுட்டிக்காட்டினார். குதிரைக்குத் தீனிச் செலவு உண்டு. வேலையற்ற ஏழைப் பெண்ணின் பராமரிப்புச் செலவோ கணக்கிலேயே வரவில்லை.

இந்தியாவில் அந்தக் கணக்கைச் சாதி எழுதுகிறது. ஒன்றிய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்தின் கீழ் விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 92 சதவீதத்தினர் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினர்; பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 சதவீதம். பல தலைமுறைகளாக ஒரு சமூகத்தின் தலையில் சுமத்தப்பட்ட வேலை. அதன்மேல் ஒப்பந்த முறை. ஒருவர் இறந்தால் மாநகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், அவர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டுவார். உயிர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இயந்திரம் கொட்டகையில் துருப்பிடிக்கத்தான் செய்யும்.

சொல் விளையாட்டு

கையால் மலம் அள்ளுவதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் கூறியது. ஆனால் 2019 முதல் 2023 வரை 377 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட விவரங்களே சொல்கின்றன. முரண்பாட்டுக்கு விளக்கமும் தயாராக உள்ளது: இவை ‘அபாயகரமான தூய்மைப் பணி’ மரணங்களாம்! பெயரை மாற்றிப் பிணங்களை மறைக்கும் வித்தை இது.

2013 சட்டத்தின் 33ஆவது பிரிவு, சாக்கடைத் தூய்மைக்கு உரிய தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவதை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்குகிறது. ஆனால் அதே சட்டத்தின் வரையறை, பாதுகாப்புக் கவசம் தந்தால் ஆளை இறக்கலாம் என்ற ஓட்டையையும் விட்டுவைத்திருக்கிறது. ‘நமஸ்தே’ அந்த ஓட்டைக்கு ஒட்டுப்போடும் திட்டம். அது கவச உடை தருகிறது, காப்பீட்டு அட்டை தருகிறது. இயந்திரம் வேண்டுமா? மானியத்தோடு கடன் வாங்கு, ‘தொழில்முனைவோர்’ ஆகிவிடு என்கிறது. நகரின் கழிவை அகற்றுவது அரசின் கடமை. அதைத் தொழிலாளியின் தலையில் தவணைக் கடனாக ஏற்றுவதற்கு முன்னேற்றம் என்று பெயர்!

இயந்திரம் வந்தால் பிழைப்பு போகுமே என்று தொழிலாளர்களிடையே எழும் அச்சம் நியாயமானது. நவீனமயம் என்ற பெயரில் ஆட்குறைப்பைத்தான் அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த அச்சத்தைக் காட்டி அவர்களைக் குழியிலேயே நிறுத்துவது கொடுமை. இயந்திரத்தை எதிர்ப்பது தொழிலாளி வர்க்கத்தின் வழியல்ல. அது யாருடைய கையில், எந்த நிபந்தனையில் இயங்குகிறது என்பதே வர்க்கத்தின் கேள்வி.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. கவசம் அணிவித்தும் மனிதரை இறக்கக் கூடாது எனச் சட்டம் திருத்தப்பட வேண்டும். இயந்திரங்கள் பொது உடைமையாக, பொது நிதியில் வாங்கப்பட வேண்டும். இன்று குழிக்குள் இறங்கும் அதே தொழிலாளர்கள், பயிற்சி பெற்ற இயக்குநர்களாக, அரசு ஊதியத்தில் நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட வேண்டும். அவர்களின் பிள்ளைகளுக்கு எந்த வேலையும் விதியாக்கப்படாத மாற்று வாழ்வு உறுதி செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு மரணத்துக்கும் முதன்மை வேலையளிப்பவரான உள்ளாட்சி அதிகாரி மீது வழக்குப் பதியப்பட வேண்டும். 2023இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 30 லட்சம் ரூபாய் இழப்பீடு அலைக்கழிப்பின்றி வழங்கப்பட வேண்டும்.

இயந்திரம் வேலையை எளிதாக்கும் என்பது பள்ளிப் பாடம். யாருடைய வேலையை என்பதை வர்க்கப் போராட்டமே தீர்மானிக்கும். ஒவ்வொரு நகரிலும் தூய்மைப் பணியாளர்களைச் சங்கமாகத் திரட்டுவதும், சாதி ஒழிப்புப் போராட்டத்தை அதனோடு பிணைப்பதும் கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமையாகும்.