கையசைவே கட்டளை

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, இளமையில் நமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரைக் காணச் சென்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்த அப்பெரியார் பாரிசவாதத்தால் தாக்குண்டு ஈராண்டுகளாகப் படுக்கையில் இருக்கின்றார். வலக்கை முற்றாக இயங்காது. இடக்கை இயங்கினும் ஓயாது நடுங்குகின்றது. பேச்சும் சிறிது குழறுகின்றது. கட்டிலருகே ஒரு சிறு மணி வைக்கப்பட்டிருந்தது.

“நோய் பெரிதில்லைத் தம்பி. நடுச்சாமத்தில் விசிறியை நிறுத்துவதற்கு இந்த மணியை அடித்து, பகலெல்லாம் பாடுபட்டு உறங்குகிறவளை எழுப்ப வேண்டிக் கிடக்கிறதே! பல நாள் குளிரில் விறைத்தபடியே விடியும்வரை படுத்திருக்கிறேன்” என்றார்.

வீடு திரும்பிய பின்னும் அச்சொற்கள் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. ஒரு நாளில் எத்தனை முறை மின்னாளியைத் தட்டுகின்றோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? கை நன்றாக இருக்கும்வரை அது ஒரு செயலாகவே தோன்றுவதில்லை. கை வழங்காது போனாலோ, ஒளியும் காற்றும் பிறரிடம் கேட்டுப் பெறவேண்டிய பொருள்களாகி விடுகின்றன.

இத்துன்பத்தை விஞ்ஞானம் கண்டும் காணாது விட்டுவிடவில்லை. 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே, இங்கிலாந்தில் உள்ள ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலைக்கு நோயாளரைப் பார்த்து ஆறுதல் கூறச் சென்றுவந்தவர் றெஜ் மேலிங் என்பார். கைகால் வழங்காத நோயாளர் தாதியை அழைப்பதற்கு ஓர் ஊதியையே நம்பியிருப்பதை அவர் கண்டார். ஊத முடியுமாயின் அவ்வூதலைக் கொண்டே பிறவற்றையும் இயக்கலாம் அன்றோ? மூச்சை ஊதியும் உறிஞ்சியும் விளக்கு, வானொலி முதலியவற்றை நோயாளர் தாமே இயக்கும் கருவி இவ்வாறு பிறந்தது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ‘பொசம்’ என்பதாகும். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘என்னால் இயலும்’ என்பது பொருள். அதனினும் பொருத்தமான பெயர் வேறு யாது?

அன்று மூச்சு செய்த பணியை இன்று உடலின் சிற்றசைவும் செய்கின்றது. 2000ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த தாட் ஸ்ரானரும் அவர்தம் துணைவரும் கழுத்தில் அணியும் பதக்கம் ஒன்றை அமைத்து வெளிப்படுத்தினர். அதனுள்ளே ஒரு சிறு கமரா; அதனைச் சுற்றிக் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களை வீசும் சிறு விளக்குகள். ஆகவே இருளிலும் அது மார்புக்கு முன்னே அசையும் கையைக் காணும். அசைவுக்கேற்ப வீட்டுக் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும். முன்னரே வகுத்த சைகைகளை நூற்றுக்கு 95 வீதமும், அணிபவர் தாமே வகுத்துக்கொண்ட சைகைகளை நூற்றுக்கு 97 வீதமும் அது சரியாக அறிந்ததென அவர்கள் எழுதினர். கையின் நடுக்கத்தையும் அளந்து, வைத்தியருக்கு உதவக்கூடிய குறிப்பைத் தரவும் அது வல்லதாயிருந்தது.

இப்பொழுது கமராவும் வேண்டுவதில்லை. மணிக்கட்டில் அணியும் கடிகாரம் போன்ற கருவிக்குள் ஆர்முடுகலை அளக்கும் நுண்பொறி ஒன்று இருந்தாற் போதும். பௌதிகம் பயிலும் மாணாக்கர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். நின்ற பஸ் திடீரெனப் புறப்பட, உள்ளே நிற்பவர் பின்னோக்கிச் சாய்கின்றார். அதுபோலவே, நுண்ணிய விற்களால் தாங்கப்பட்ட சிலிக்கன் துணுக்கு ஒன்று கை அசையுந்தோறும் சற்றே இடம்பெயர்கின்றது. அவ்விடப்பெயர்ச்சியால் மின்கொள்ளளவம் மாறுகின்றது. அம்மாற்றமே அசைவின் அளவாகும். கை அசையாதிருக்கும்போதும் புவியீர்ப்பு அத்துணுக்கை இழுப்பதால், கை எப்பக்கம் சரிந்துள்ளது என்பதும் தெரிகின்றது. அளவுகளைச் சிறு கணினி ஆராய்ந்து, வானொலி அலை வழியாக விசிறிக்கோ விளக்கிற்கோ செய்தி விடுக்கின்றது. 2021ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம், விரல்களைச் சேர்த்தும் கையைப் பொத்தியும் தன் கைக்கடிகாரத்தை இயக்கும் வசதியை அறிவித்தது. அது முதன்மையாக ஒரு கை குறைபட்டோரைக் கருதியே அமைக்கப்பட்டதாகும்.

நடுங்கும் கைக்கு இது பயன்படுமோ என ஐயுறுவோர் இருப்பர். பார்க்கின்சன் நோயில், ஓய்ந்திருக்கும் கை பெரும்பாலும் வினாடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். மனமறிந்து மெல்லக் கையைத் திருப்புவதோ அதனினும் வேகம் குறைந்த அசைவு. வேகத்தால் வேறுபட்ட இரண்டையும் கணினி பெரிதும் பிரித்தறியக் கூடும்.

ஆயினும் குறைகளையும் மறைத்தலாகாது. நூற்றுக்கு 95 என்பது இருபதில் ஒன்று தவறும் என்பதேயாம். விளக்கு தவறி எரிந்தால் கேடில்லை. அடுப்பு தவறி எரிந்தாலோ பெருங்கேடு. ஆதலின் தீயோடு தொடர்புடையவற்றை இவ்வகைக் கருவியிடம் ஒப்படைத்தல் தகாது. மூக்கைச் சொறியக் கையை உயர்த்தும்போதெல்லாம் விசிறி சுழலாதிருக்க, ‘இனிக் கூறுவது கட்டளை’ என்று உணர்த்தும் தொடக்கச் சைகை ஒன்றும் வேண்டும். மின்சாரம் தடைப்படும் இரவுக்குப் பழைய மணியும் கட்டிலருகே இருத்தல் வேண்டும்.

இவையனைத்தையும் சென்ற ஞாயிறன்று ஆசிரியரிடம் எடுத்துரைத்தோம். கண்ணை மூடிக் கேட்டிருந்தவர் ஒரேயொரு வினாவை எழுப்பினார். “தம்பி, நான் அந்தக் கருவியைப் படிக்க வேண்டுமா? அல்லது அது என் கையைப் படிக்குமா?”

கணக்கின் மையத்தை ஒரே நொடியிற் காணும் பழைய ஆற்றல் அவரிடம் குன்றவில்லை. உடல்நலமுற்றோர் தமக்கு இலகுவான சைகைகளை வகுத்து, நலமற்றோர்மீது சுமத்துவாராயின், அக்கருவி எத்துணை நுட்பமாயினும் சில நாளில் பெட்டிக்குள் உறங்கும். ஒருவர் வருத்தமின்றிச் செய்யக்கூடிய அசைவு எது என்று முதலிற் கேட்டு, அதனையே கட்டளையாக ஏற்பதே மெய்யான உதவி. தோளை உயர்த்துதலாகலாம், தலையைச் சாய்த்தலாகலாம், கால்விரலை அசைத்தலாகலாம்.

மாற்றுத்திறனுடையோரின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டு நிறைவேற்றிய சமவாயத்தை நம் நாடு 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. 2009இல் ஓய்ந்த போரிலே முள்ளந்தண்டில் ஊறுபட்டோரும் கையிழந்தோரும் நம்மிடையே பலர் வாழ்கின்றனர். ஆர்முடுகலுக்குச் சமன்பாடு எழுதிப் புள்ளி பெறும் நம் மாணாக்கர், அதே அறிவைக் கொண்டு அயல்வீட்டுக் கட்டிலருகே சென்று அமர்தலும் கூடும். கருவியை ஆக்குமுன் கேள்வியைக் கேட்கக் கற்க வேண்டும், அவ்வளவே.

விடைபெறும்போது ஆசிரியர் தம் இடக்கையை மெல்ல உயர்த்தி, உள்ளங்கை மேலே தெரியுமாறு இருமுறை திருப்பிக் காட்டினார். “இவ்வளவு எனக்குச் செய்யலாம். இது காணுமோ?” என்றார்.

“காணும் ஐயா” என்றோம்.