வெள்ளித்தாள் சுற்றிய தலையும், ஒளித்து வைத்த ஆசையும்!

எனக்கு வயது 37. பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. என் தலைக்கு நானே கொள்ளி வைத்துக் கொண்ட கதையை, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இதைப் படித்து, ஒரே ஒரு சகோதரி உஷாரானாலும் எனக்குப் போதும்.

சென்ற ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். பெண் வீட்டார் சென்னைக்காரர்கள். நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது பார்த்தேன்... பெண்ணின் அக்கா, அண்ணி, சித்தி என்று எல்லாருக்கும், கறுப்பு முடிக்கு நடுவே மெல்லிய பொன்னிறக் கீற்றுகள். 'ஹைலைட்ஸ்' என்றார்கள். எனக்கும் ஆசை வந்து விட்டது.

ஊர் திரும்பியதும், பியூட்டி பார்லரில் விசாரித்தேன். 'முடி நீளமா இருக்குக்கா, நாலாயிரம் ஆகும்' என்றனர். வீட்டில் மெதுவாகப் பேச்செடுத்தேன். 'ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு, இந்த வயசுல செம்பட்டை முடி கேக்குதாக்கும்...' என்றார் மாமியார். என் கணவருக்கோ, சிரித்த சிரிப்பில் காபி புரையேறி விட்டது.

இத்தனைக்கும், மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல், மீசைக்கும் தலைக்கும் 'டை' பூசிக்கொண்டு, பனியனோடு திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் அவர். 'இந்த வயசுல எதுக்கு?' என்று, இதுவரை அவரை யாரும் கேட்டதில்லை!

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. ஆனால், ஆசை மட்டும் விடவில்லை. மொபைல் போனில் வீடியோக்கள் பார்த்தேன். ஏதோ தோசை வார்ப்பது போல, பத்து நிமிஷத்தில் முடித்துக் காட்டினர். பேன்சி ஸ்டோரில், ப்ளீச் பொடியும், 'டெவலப்பர்' என்ற பாட்டிலும் வாங்கினேன். 'கறுப்பு முடிக்கு 40தான்க்கா பிடிக்கும்' என்று, கடைப் பையன் எடுத்துக் கொடுத்தான். சப்பாத்தி சுற்றும் வெள்ளித்தாள் அடுப்படியிலேயே இருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன், ஒரு வெள்ளிக்கிழமை. மாமியார் கோவிலுக்குக் கிளம்பியதும் கதவைத் தாழ் போட்டேன். அவர் திரும்ப ரெண்டு மணி நேரம். அதற்குள் முடித்து, வாசனையும் போயாக வேண்டும்! அவசர அவசரமாகப் பிடி பிடியாக முடியை எடுத்து, வேர் வரை பூசி, தாளை ஒரே ஒரு மடிப்பு மடித்து விட்டேன். போதாததற்கு, சீக்கிரம் ஆகட்டும் என்று ஹேர் டிரையரையும் காட்டினேன்.

பத்தாவது நிமிஷம் எரிய ஆரம்பித்தது. 'சரி, பிடிக்குது போல' என்று பல்லைக் கடித்துக் கொண்டேன். அரை மணியில், தாளைத் தொட முடியாத சூடு. பதறிப் போய்ப் பிரித்தால், வேர்ப்பக்கம் மஞ்சள். அதற்குக் கீழே செங்கல் நிறம். சில இழைகள் ரப்பர் மாதிரி இழுபட்டு, கையோடு வந்து விட்டன. உச்சியில் ரெண்டு இடத்தில் கொப்புளம்.

அதையும் மறைத்தேன். கொண்டை போட்டு, கொப்புளத்தின் மேலேயே ஆறு முழம் மல்லிகையைச் சுற்றிக்கொண்டு, தம்பி கல்யாணத்தில் சிரித்தபடி பந்தி விசாரித்தேன். அன்றிரவு பூவை எடுத்தபோது, சீழோடு ஒட்டிக் கொண்டு வந்தது. அப்போதுதான் என் கணவரிடம் சொல்லி அழுதேன். மனுஷன் ஆடிப் போய் விட்டார்.

மறுநாள் தோல் டாக்டரிடம் போனோம். 'எரிஞ்ச உடனே கழுவி, பச்சைத் தண்ணியில கால் மணி நேரம் அலசிட்டு, அன்னைக்கே வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. மூணு நாள் ஏம்மா மறைச்சீங்க?' என்றார் டாக்டர். என்ன பதில் சொல்ல? தலையைக் குனிந்து கொண்டேன்.

நான் செய்தது எங்கே தப்பு என்பதை, பார்லரில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அக்கா மகள்தான் பிறகு விளக்கினாள். நம் கறுப்பு முடியில், மேலே பூசினால் பொன்னிறம் ஏறாதாம். முதலில் உள்ளே இருக்கும் கறுப்பை வெளுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் பொடியும், டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடும் செய்கின்றன. பாட்டிலில் 20 என்றிருந்தால் 6 சதவீதம். 30 என்றால் 9. 40 என்றால் 12 சதவீதம். நான் பூசியது 12!

கறுப்பு முடி வெளுக்கும்போது முதலில் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அதன் பிறகே மஞ்சள். இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாது. வெளுத்த பிறகு, நிறத்தைச் சரிக்கட்ட 'டோனர்' என்று ஒன்று வேறு போட வேண்டும். பத்து நிமிஷ வீடியோவில் இதெல்லாம் எங்கே காட்டுகின்றனர்?

வெள்ளித்தாள் எதற்கு என்றால், பூசிய முடியை மற்ற முடியோடு ஒட்டாமல் பிரித்து வைக்கவும், கலவை காய்ந்து போகாமல் இருக்கவும்தான். தலைச் சூடே அதற்குப் போதும். டிரையர் காட்டியது என் அறியாமை. வேர்ப்பக்கம் தலைச் சூட்டால் சீக்கிரம் வெளுத்து விடும் என்பதால், அதற்குக் கடைசியில்தான் பூச வேண்டுமாம். வீட்டில் செய்வோர், வேரைத் தொடாமல் விடுவதே நல்லது.

இன்னொன்று... நரையை மறைக்க, ரெண்டு வருஷமாக நான் 'கறுப்பு மெஹந்தி' பாக்கெட் பூசி வந்தேன். மருதாணி இலை தலையைக் கறுப்பாக்காது. இதில் சாயம் கலந்திருக்கிறது. சாயம் ஏறிய முடி லேசில் வெளுக்காது. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் சட்டென்று வெளுத்து விடும். அதனால்தான் என் தலை திட்டுத் திட்டாகப் போனது. சில பாக்கெட்டுகளில் உலோக உப்புகளும் உண்டாம். அதன் மேல் பெராக்சைடு பட்டால், கொதித்துப் போய், முடி பொடிந்தே விடும்.

வீட்டில் செய்தே தீருவது என்று இருப்பவர்கள், இதையாவது கடைப்பிடியுங்கள்:

* சீப்பில் வரும் முடியைச் சேர்த்து, நூலால் கட்டி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலவையைப் பூசிப் பாருங்கள். சூடேறினாலோ, பிய்ந்தாலோ அத்தோடு விட்டு விடுங்கள்.

* காதின் பின்னால் அல்லது முழங்கையின் உள்பக்கம், துளி தடவி, ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இது அவசியம்.

* முதல் முறைக்கு 20 போதும். உலோகப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். கையுறை கட்டாயம்.

* வால் சீப்பால், முடியை மெல்லிசாக எடுத்து, தோலிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பூசுங்கள். கலவை உப்பி வழியும் என்பதால், தாளின் ஓரங்களையும் மடித்து விடுங்கள்.

* ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பாக்கெட்டில் போட்டுள்ள நேரத்தைத் தாண்டக் கூடாது. எரிந்தால், அந்த நிமிஷமே அலசி விடுங்கள்.

* தலையில் புண், சொறி இருந்தால் வேண்டாம். இந்தப் பொடியின் நெடி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பை வரவழைக்கும்.

பார்மசி படிக்கும் என் அண்ணன் மகன், இன்னொரு விஷயம் சொன்னான். முடிச்சாயம் விற்பவர்கள், 'தோலில் எரிச்சல் வரலாம். முதலில் சோதித்துப் பார்க்கவும். இமைக்கும் புருவத்துக்கும் பூசக் கூடாது. பார்வை போகலாம்' என்ற எச்சரிக்கையை, ஆங்கிலத்திலும் அந்தந்த வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்று, நம் நாட்டு விதிகளே சொல்கின்றனவாம். நான் வாங்கிய ப்ளீச் பொடியிலோ, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும்படி ஆங்கிலம் மட்டுமே இருந்தது. என்னைப் போல் தமிழில் படித்தவர்களும்தானே காசு கொடுத்து வாங்குகிறோம்? தமிழிலும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போட்டால், கம்பெனிக்காரர்கள் குறைந்தா போய் விடுவர்? கடைக்காரர்களும், '40தான் பிடிக்கும்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்காமல் இருக்கலாமே!

ஆனால், எல்லாப் பழியையும் அடுத்தவர் மேல் போட மாட்டேன். சோதித்துப் பார்க்க ரெண்டு நாள் வேண்டும். பின்பக்கம் பூச இன்னொருவர் கை வேண்டும். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ரெண்டு மணி நேரத்தில் திருட்டுத்தனமாகச் செய்தவளுக்கு, ரெண்டும் எப்படிக் கிடைக்கும்? பயந்து பயந்து செய்ததால்தான் அவசரம். அவசரத்தால்தான் இத்தனை சேதம்.

அதனால், வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும், பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்... மனைவியோ, மருமகளோ, மகளோ இப்படி ஒரு ஆசையைச் சொன்னால், உங்களுக்குப் பிடிக்காவிட்டால், 'வேண்டாம்' என்று காரணம் சொல்லுங்கள். கேலி மட்டும் செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்து மறைக்கிறவள், புண்ணையும் சேர்த்து மறைத்து விடுவாள்.

இப்போது என் முடி தோள் வரைதான். கறுப்பு மெஹந்தியை அடியோடு விட்டு விட்டேன். புண் முழுசாக ஆறி, டாக்டரும் சரி என்ற பிறகு, தை மாதம், எதிர்வீட்டுப் பெண்ணை வைத்து, முன்பக்கம் நாலே நாலு கீற்று போட்டேன். சோதித்ததில் செம்பு நிறம்தான் வந்தது. அதற்கு மேல் வெளுக்க வேண்டாம் என்று நிறுத்திக் கொண்டோம். வெள்ளித்தாளை அளவாக வெட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? காபி புரையேறியவர்தான்!

மாமியார் மட்டும், 'ஹும்... வெயில்ல காஞ்ச தேங்கா நார் மாதிரி இருக்கு' என்றார். இருந்துவிட்டுப் போகட்டும், அவர் கண் முன்னால் வைத்துத்தானே போட்டுக் கொண்டேன்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.